அந்த ‘2’ வந்த வழி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் பலர் அந்த நீலத்திரையை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். பெரிய எழுத்தில் ‘ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘ஸ்டாப்’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் நான்கு எண்கள். ராம் சரியில்லை என்பார் ஒரு கடைக்காரர். டிரைவர் தகராறு என்பார் பக்கத்துக் கடைக்காரர். இருவர் சொன்னதும் சில சமயம் சரியாகவே இருக்கும். நான்கு எண்களில் இரண்டாவதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலும் வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 2. நின்றுபோன நொடியில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எந்த மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லும் எண் அது. அதன் பூர்வீகம் 1970-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க இயந்திரத்தின் மூன்று பிட்டுகள்.

அந்தப் பிட்டுகளின் வேலை இன்டரப்ட்டுகளை வரிசைப்படுத்துவது. இன்டரப்ட் அந்த இயந்திரத்துக்கும் முந்தையது. சிபியு ஏதோ வேலையில் இருக்கும்போது, ‘எனக்கு ஓர் எழுத்து வந்திருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று ஒரு சாதனம் கம்பி வழியே தட்டுவதுதான் இன்டரப்ட். சிபியு கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, தட்டியவரைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். 1950-களின் நடுவிலேயே இது தலைகாட்டிவிட்டது. நெதர்லாந்தில் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 என்ற இயந்திரத்தில் இதை வைக்கலாம் என்று அதன் வடிவமைப்பாளர்கள் லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் சொன்னபோது, நிரல் எழுத வேண்டிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தயங்கினார். பயத்துக்குக் காரணம் இருந்தது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் வந்து விழும் என்று சொல்ல முடியாத ஒன்றால் பிழை வந்தால், அந்தப் பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கவே முடியாது. பிறகு ஒப்புக்கொண்டார், அந்த இன்டரப்ட்டுகளைச் சமாளிக்கும் நிரலையே 1959-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாக்கினார். அன்று அவர் அஞ்சியது இன்றைக்கும் டிரைவர் எழுதுபவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேநார்டில், ஒரு பழைய கம்பளி ஆலையின் கட்டடத்தில் இயங்கிய டெக் நிறுவனம் பிடிபி-11 என்ற 16 பிட் மினி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதன் சிபியுவுக்குள் தன் நிலையைக் குறித்துவைக்க ஒரு 16 பிட் சொல் உண்டு. அதில் 5, 6, 7 என்ற இடங்களில் இருக்கும் மூன்று பிட்டுகள்தான் நம் கதாநாயகன். மூன்று பிட் என்றால் 0 முதல் 7 வரை எட்டு மட்டங்கள். சாதனங்கள் தட்டுவதற்கு 4, 5, 6, 7 என நான்கு கம்பிகள். தட்டும் கம்பியின் எண் சிபியுவின் அப்போதைய மட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே விடு. சமமாகவோ சிறிதாகவோ இருந்தால் காத்திருக்கட்டும். மொத்தச் சட்டமே இவ்வளவுதான்.

எந்தச் சாதனத்துக்கு எந்த எண்? சாதனத்தின் அட்டையில் செருகிய ஒரு சின்ன பிளக் அதைத் தீர்மானித்தது. டெலிடைப்புக்கு 4. ஆர்கே டிஸ்க்குக்கு 5. கடிகாரத்துக்கு 6. முன்னுரிமை என்றதும் நாம் முக்கியத்துவம் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது பொருந்தாது. ஊர்ப்பட்ட கோப்புகளைத் தாங்கும் டிஸ்க், வெறும் மணிகாட்டும் அட்டைக்குக் கீழே நிற்கிறதே! எண் அளப்பது பொறுமையை. டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்துதான் தரும். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு மில்லிநொடி அவகாசம். டிஸ்க் தன் வேலை முடிந்த செய்தியை ரெஜிஸ்டரில் எழுதி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கும். கடிகாரத்தால் அது முடியாது. அமெரிக்க மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்து நொடிக்கு 60 முறை தட்டும் அந்த அட்டையில், துடிப்பு வந்தது என்று காட்ட ஒரே ஒரு பிட். எத்தனை துடிப்பு என்று எண்ணி வைக்க இடமில்லை. கவனிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் போனது போனதுதான்; மணி பின்தங்கும்.

ஒரே எண்ணில் இரண்டு சாதனங்கள் தட்டினால் பந்தி முறை. சிபியு கொடுக்கும் அனுமதிச் சமிக்ஞை பஸ் வழியே அட்டை அட்டையாகப் போகும். முதல் இலைக்காரர் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு இப்போதைக்கு இல்லை. நடுவில் ஓர் இலை காலியாக இருந்தால் பரிமாறுவதே அங்கே நின்றுவிடும். அதனால் காலி இடத்தில் அனுமதியை அப்படியே கடத்திவிட ஜி727 என்ற சின்ன அட்டையைச் செருகி வைத்தார்கள். அதை மறந்தால் அதற்கு அப்பால் இருக்கும் சாதனங்கள் எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது. பிடுங்கும்போது விரல் முட்டியைப் பதம் பார்க்கும் அட்டை என்று பராமரிப்பு ஊழியர்களிடம் அதற்குக் கெட்ட பெயர்.

இதுவரை அந்த எண்ணின் வேலை ஒன்றுதான்: யார் முதலில் என்ற வரிசை. நியூஜெர்சியின் மரே ஹில்லில் பெல் ஆய்வகத்துக்காரர்கள் தங்கள் இயங்குதளமான யூனிக்ஸை 1971-இல் பிடிபி-11-க்குக் கொண்டுவந்தபோது அதற்கு இரண்டாவது வேலை வந்து சேர்ந்தது. அவர்கள் அதைப் பூட்டாகப் பயன்படுத்தினார்கள். என் பார்வையில் இந்த எண்ணின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு வேலைகளுக்கு இடையிலான இழுபறிதான்.

1975-இன் ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ஓர் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு புரொசஸுக்கு டிஸ்க்கின் ஒரு பிளாக் வேண்டும். அது இருக்கும் பஃபரை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். ‘பிஸி’ என்ற கொடியைப் பார்க்கிறது, ‘எனக்கும் வேண்டும்’ என்று ஒரு குறி வைக்கிறது, தூங்கப் போகிறது. டிஸ்க் வேலை முடிந்து இன்டரப்ட் வரும்போது, குறி இருந்தால் தூங்குபவரை எழுப்புவார்கள். சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் கொடியைப் பார்த்த பிறகு, குறி வைப்பதற்கு முன்னால், அந்த மைக்ரோநொடி இடைவெளியில் இன்டரப்ட் வந்தால்? வந்தவர் குறி இல்லை என்று பார்த்து யாரையும் எழுப்பாமல் போய்விடுவார். நம் புரொசஸ் திரும்பி வந்து குறியை வைத்துவிட்டுத் தூங்கும். எழுப்ப வேண்டியவர் ஏற்கெனவே வந்து போய்விட்டார். அதன்பின் யாராவது தற்செயலாக எழுப்பினால் உண்டு.

தீர்வு ஒரே வரி. கொடியைப் பார்ப்பதற்கு முன் ‘எஸ்பிஎல்-6’ என்ற சின்ன ரூட்டீனைக் கூப்பிடு. சிபியுவின் மட்டம் 6 ஆகிவிடும். 5-இல் இருக்கும் டிஸ்க்கும் 6-இல் இருக்கும் கடிகாரமும் வாசலில் நிற்கும். பார், குறி வை, தூங்கு. அவ்வளவு மலிவான பூட்டு வேறு எங்கும் கிடையாது: இரண்டு மூன்று கட்டளைகள், நினைவகத்தில் ஒரு பைட்கூடச் செலவில்லை.

அந்த ரூட்டீனின் உள்ளே இன்னும் அழகான ஒரு காரியம் இருக்கிறது. பிடிபி-11/40-இல் இந்த மூன்று பிட்டுகளை மட்டும் ஒரே கட்டளையில் மாற்றியெழுத வழியில்லை. பிட்டுகளை ஏற்றலாம், அல்லது அழிக்கலாம். ஆகவே 6-க்குப் போக வேண்டுமென்றால் முதலில் மூன்றையும் ஏற்றி 7-க்குப் போய், பிறகு கடைசி பிட்டை அழித்து 6-க்கு இறங்குவார்கள். 5-க்கும் அப்படியே, நடு பிட்டை அழித்து. மேலே ஏறி இறங்கும் இந்த வரிசை மாறினால் நடுவில் ஒரு கணம் மட்டம் தாழ்ந்து, எவராவது உள்ளே நுழைந்துவிடலாம். பிடிபி-11/45-இல் மட்டத்தை ஒரே கட்டளையில் மாற்ற வசதி வந்தது. அதன் பெயரே எஸ்பிஎல்.

கடிகார இன்டரப்ட்டும் இந்த எண்ணைப் படித்தே நடந்துகொள்ளும். உள்ளே வந்ததும், தான் இடைமறித்த நிரல் எந்த மட்டத்தில் இருந்தது என்று பார்க்கும். பூஜ்யம் இல்லையென்றால் யாரோ பூட்டு போட்டு எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். நேரம் வந்தால் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளை அடுத்த துடிப்புக்குத் தள்ளிவிட்டு வந்த வழியே போய்விடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1977-இல் இந்த மூல நிரலுக்கு எழுதிய உரை, நகலின் நகலாக உலகம் சுற்றியது. ஒரு தலைமுறை கெர்னல்காரர்கள் எஸ்பிஎல் பழகியது அதில்தான்.

ஆறாம் பதிப்பில் ஒரு குறையும் இருந்தது. பல இடங்களில் வேலை முடிந்ததும் ‘எஸ்பிஎல்-0’ என்று நேராகத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். கூப்பிட்டவர் தனக்காக 5-இல் பூட்டு போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து திறந்துவிடும். 1979-இன் ஏழாம் பதிப்பில் ‘எஸ்பிஎல்-எக்ஸ்’ வந்தது: ஏறும்போது பழைய எண்ணை வாங்கி வைத்துக்கொள், முடிந்ததும் அதற்கே திரும்பு.

1977-இல் டெக்கின் அடுத்த இயந்திரமான வாக்ஸ்-11/780 வந்தபோது எட்டு மட்டங்கள் 32 ஆயின. பழைய 4 முதல் 7 வரையிலான கம்பிகள் 20 முதல் 23 வரை ஆயின, கடிகாரத்துக்கு 24, மின்சாரம் போகப்போகிறது என்ற எச்சரிக்கைக்கு 30. பெருக்கத்தைவிட முக்கியமானது கீழ்ப்பாதி. 1 முதல் 15 வரையிலான மட்டங்களுக்குக் கம்பியே கிடையாது. நிரலே தனக்குத்தானே தட்டிக்கொள்ள அவை. வன்பொருள் இன்டரப்ட் அவசரமானதை மட்டும் செய்துவிட்டு, மீதியைக் கீழ் மட்டத்தில் ஒரு தட்டாகப் போட்டுவிட்டுப் போகலாம். எண் இங்கே கம்பியை விட்டுப் பிரிந்தது.

பெர்க்லியின் பிஎஸ்டி யூனிக்ஸ் இதை நெட்வொர்க்குக்குப் பிடித்துக்கொண்டது. பாக்கெட் வந்ததும் மேல் மட்டத்தில் வாங்கி வரிசையில் போடு; அதைப் பிரித்துப் படிக்கும் டிசிபி/ஐபி வேலை கீழ் மட்டத்தில் ஆற அமர நடக்கட்டும். எண்களுக்குப் பதில் பெயர்களையும் பெர்க்லி பரப்பியது: டிஸ்க்குக்கு எஸ்பிஎல்-பயோ, டெர்மினலுக்கு எஸ்பிஎல்-டிடிஒய், நெட்வொர்க் வன்பொருளுக்கு எஸ்பிஎல்-இம்ப். இந்த இம்ப் யார்? ஆர்ப்பாநெட்டின் ஒவ்வொரு முனையிலும் குளிர்பதனப் பெட்டி அளவில் நின்ற பாக்கெட் கடத்தும் இயந்திரம். ஆர்ப்பாநெட் 1990-இல் மூடப்பட்டது. இம்ப் ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்திராத இளைஞர்கள் 1990-களின் இறுதிவரை ஈத்தர்நெட் அட்டைக்கு டிரைவர் எழுதும்போது எஸ்பிஎல்-இம்ப் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வாக்ஸில் டெக் தானே எழுதிய இயங்குதளமான விஎம்எஸ், 32 மட்டங்களையும் கட்டுக்கோப்பாக ஆண்டது. அதன் கறாரான விதிகளில் ஒன்று: மட்டம் 2-க்கு மேல் போய்விட்டால், டிஸ்க்குக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய நினைவகப் பக்கத்தைத் தொடாதே. தொட்டால் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு ‘மட்டம் உயர்ந்திருக்கையில் பேஜ் ஃபால்ட்’ என்ற பொருளில் ஒரு பிழைக்குறியைக் காட்டும். விஎம்எஸ்ஸை வடிவமைத்தவர்களில் ஒருவர் டேவ் கட்லர். 1988-இல் அவர் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனார். 1993 ஜூலையில் விண்டோஸ் என்டி வந்தபோது அதில் 0 முதல் 31 வரை 32 மட்டங்கள் இருந்தன, பெயர் ஐஆர்கியூஎல். வாக்ஸ் இல்லாத இடத்தில் வாக்ஸின் ஏணி!

0-இல் சாதாரண நிரல்கள். யாருக்கு அடுத்து சிபியு என்று தீர்மானிக்கும் டிஸ்பாட்சர் 2-இல். அதற்கு மேல் சாதனங்கள். இப்போது நீலத்திரையின் எண் புரியும். ஒரு டிரைவர் 2-லோ அதற்கு மேலோ ஓடும்போது, நினைவகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைத் தொடுகிறது. டிஸ்க்கிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால் சிபியுவை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது. அதைச் செய்ய வேண்டிய டிஸ்பாட்சரோ 2-இல், இந்த டிரைவரின் காலடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. கெர்னல் நின்றுவிடுகிறது. தொட்ட முகவரி, அப்போதைய மட்டம், படித்ததா எழுதியதா, தொட்ட கட்டளை இருந்த இடம் என்று நான்கு எண்களை எழுதிவைத்துவிட்டு.

பிசியின் வன்பொருள் இந்த ஏணிக்குத் தோதானதாக இல்லை. ஐபிஎம் 1981-இல் போட்ட இன்டெல் 8259 சிப்பில் எட்டுக் கம்பிகள். 1984-இன் ஏடி மாடலில் இரண்டு சிப்புகளைக் கோத்துப் பதினைந்து. வரிசையும் தலைகீழ்: கடிகாரத்தின் 0-தான் உச்சி, கீபோர்டு 1. ஒற்றை சிபியு பிசிகளில் என்டி 27-இலிருந்து கம்பியின் எண்ணைக் கழித்து மட்டத்தைக் கண்டுபிடித்தது. கீபோர்டு 26 ஆனது. அதைவிடப் பெரிய தொல்லை வேகம். பிடிபி-11-இல் மட்டம் சிபியுவுக்குள்ளேயே இருந்தது. பிசியில் மட்டத்தை மாற்ற வெளியே இருக்கும் சிப்புக்குப் போர்ட் வழியாக எழுத வேண்டும். சிபியுவின் கணக்கில் அது ஒரு யுகம். கெர்னலோ ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

1993-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டோடோல்ஸ்கி, சென், பெர்ஷட் மூவரும் இதற்கு ஒரு சூதாட்டக்காரனின் விடையை எழுதினார்கள். பூட்டு போட்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இன்டரப்ட் வந்து விழுவது அபூர்வம். ஆகவே வன்பொருளைத் தொடாதே. ‘இப்போது மட்டம் 6’ என்று ஒரு மாறியில் மட்டும் எழுதிக்கொள். பெரும்பாலும் ஒன்றும் வராது, மாறியை அழித்துவிட்டுப் போகலாம். வந்துவிட்டால், வந்த இன்டரப்ட் அந்த மாறியைப் பார்த்து, தன்னைக் குறித்து வைத்துவிட்டு, அப்போதுதான் வன்பொருளைப் பூட்டும்; மட்டம் இறங்கும்போது அதன் வேலை நடக்கும். பிசியில் ஓடிய பிஎஸ்டிகளும் என்டியும் இதே சோம்பேறி வழியில்தான் பிழைத்தன. வன்பொருளின் மூன்று பிட்டுகளாகப் பிறந்தது, இப்போது நினைவகத்தில் ஒரு மாறி. பத்தாண்டு கழித்து 2003-இல் ஏஎம்டியின் 64 பிட் சிப்பில் அதற்குத் தனி ரெஜிஸ்டர் கிடைத்தது: சிஆர்8, நான்கு பிட். 64 பிட் விண்டோஸ் தன் மட்டத்தை நேராக அதில் வைக்கிறது. ஏணியில் படிகள் 32-இலிருந்து 16 ஆகக் குறைந்தன.

பூட்டு வேலையை இந்த எண்ணிடமிருந்து பிடுங்கியது இரண்டாவது சிபியு. எஸ்பிஎல்-6 என்று கூப்பிட்டால் அந்த சிபியுவின் வாசல்தான் அடைபடும். பக்கத்து சிபியு அதே பஃபரின் கொடியை அதே நேரத்தில் தாராளமாகத் தொடலாம். 1988-இல் விஎம்எஸ் 5.0 பல சிபியுக்களுக்கு மாறியபோது மட்டங்களோடு ஸ்பின்லாக்குகளைக் கட்டிவைத்தது: மட்டத்தை ஏற்று, கூடவே பூட்டையும் பிடி. ஃப்ரீபிஎஸ்டி நாசூக்குப் பார்க்கவில்லை. 2003-இன் 5.0 பதிப்பில் நிஜமான பூட்டுகள் வந்தன. எஸ்பிஎல் ரூட்டீன்களெல்லாம் ஒன்றும் செய்யாத கூடுகளாயின. மூல நிரலில் அந்த அழைப்புகள் வெகுகாலம் அப்படியே நின்றன. நெட்பிஎஸ்டியிலும் ஓபன்பிஎஸ்டியிலும் எஸ்பிஎல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

லினக்ஸ் இந்த ஏணியில் ஏறவே இல்லை. 1991-இலிருந்தே அதற்கு இரண்டு நிலைகள்தான்: எல்லா இன்டரப்ட்டும் திறப்பு, அல்லது எல்லாம் அடைப்பு. நடுவில் படி கிடையாது. 2010-இல் இன்னும் ஒரு படி போய், எந்தச் சாதனத்தின் இன்டரப்ட் ஓடும்போதும் அந்த சிபியுவில் மற்ற எல்லாம் அடைபட்டிருக்கும் என்று பொதுவிதி ஆக்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இன்டரப்ட் ஏறி ஸ்டாக் நிரம்பிவிடும் ஆபத்தே காரணம். முன்னுரிமை ஒழிந்ததா என்றால் இல்லை, வேறு வாசல் வழியே வந்தது. இன்டரப்ட்டைத் தனித் திரெட்டாக ஓட்டலாம் என்று 1990-களின் தொடக்கத்தில் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் காட்டியிருந்தது. 2009-இல் தாமஸ் கிளைக்ஸ்னர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2024-இல் ரியல்டைம் லினக்ஸ் முழுதாக லினக்ஸின் மைய மூல நிரலில் சேர்ந்தது. அங்கே ஏறக்குறைய எல்லா இன்டரப்ட்டும் திரெட்தான், தொடக்க முன்னுரிமை 50. நிர்வாகி ஒரு கட்டளை தட்டி சவுண்ட் கார்டை 80-க்கு ஏற்றலாம். டெக்காரர்கள் அட்டையைக் கழற்றி பிளக் மாற்றிச் செய்த வேலை.

பழைய ஏணியை இன்று முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கம்ப்யூட்டர்களை விட்டுவிட்டு, மோட்டார் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம்4 சிப்புக்குப் போக வேண்டும். எஸ்டிஎம்32 வகையில் மட்டத்துக்கு நான்கு பிட், 16 படிகள், பிசி போலவே 0 உச்சி. நான்கு பிட்டும் ஒரு பைட்டின் மேல்பாதியில் இருப்பதால் 5 என்ற மட்டம் ரெஜிஸ்டரில் 80 என்று தெரியும். புதிதாக வருபவர்கள் கட்டாயம் விழும் பள்ளம் அது. எண் கொடுக்க மறந்த சாதனம் 0-இல், அதாவது உச்சியில், போய் உட்கார்ந்துவிடுவது இன்னொரு பள்ளம். இந்தச் சிப்புகளில் பரவலாக ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ், ஒரு கோடு போடச் சொல்கிறது; வழக்கமாக அது 5. கெர்னல் தன் வரிசைகளைத் தொடும்போது 5 முதல் 15 வரை அடைபடும், 0 முதல் 4 வரை அடைபடாது. மோட்டாரில் மின்னோட்டம் எல்லை மீறினால் தட்டும் இன்டரப்ட்டை 1-இலோ 2-இலோ வைக்கிறார்கள். கெர்னல் எந்த வேலையின் நடுவில் இருந்தாலும் அது உள்ளே வரும், மோட்டாரை நிறுத்தும். ஆனால் ‘நிறுத்திவிட்டேன்’ என்று கெர்னலின் வரிசையில் ஒரு செய்தி போட அதற்கு அனுமதி கிடையாது. கோட்டுக்குக் கீழே இருக்கும் இன்னொரு இன்டரப்ட்டைத் தட்டிவிட்டு அது போய்விட வேண்டும். செய்தியை அந்த இன்னொன்று போடும்.